மூன்று கட்டுச் சுள்ளி

“பத்து நாள்னா பத்து நாள்தாம்ப்பா! ஒம்பது கூட கெடையாது!”

“கத்தாதே. அஞ்சு நாள் போட்டாச்சுல்ல? காலையில தொட்டுப் பாத்தேன், கல்லு மாதிரி காஞ்சு கெடக்கு.”

“வெளிய காஞ்சிருக்கும். உள்ள?”

“உள்ள மீனு நீந்துதா என்ன?”

கொல்லைப்புறத்தில் போட்ட சத்தம் மதில் தாண்டி நாலு வீட்டுக்குக் கேட்டது. பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா மிஷினை அப்படியே நிறுத்திவிட்டு, ஈரமே இல்லாத ஒரு துண்டை எடுத்துக்கொண்டு காயப்போட மொட்டைமாடிக்கு ஏறினாள். எதிர்வீட்டுக் கண்டக்டருக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர் வாசலிலேயே நின்று, பிறகு யாராவது சொல்வார்கள் என்று பொறுமையாகக் காத்திருந்தார். ஓய்வு பெற்றவருக்கு வேறு என்ன வேலை.

சண்டை அடுப்பைப் பற்றியது. பிரிட்ஜ்காரரும் அவர் மகளும் சேர்ந்து ஒரு மாசமாகக் கட்டிய பீட்சா அடுப்பு கொல்லை மூலையில், ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்ட ஆமை மாதிரி உட்கார்ந்திருந்தது. தீச்செங்கல்லை வட்டமாக அடுக்கி, மகள் தன் கையால் குழைத்த கலவையில் பதித்து, மேலே குவித்து மூடியிருந்தார்கள். இனி அதன் மேல் சூடு தாங்கும் வெள்ளைக் கம்பளியைப் போர்த்தி, கோழிவலை சுற்றி, சிமெண்ட் பூச வேண்டியதுதான் பாக்கி. போர்வை இல்லாத அடுப்பு நாலு பீட்சாவுக்கு மேல் தாங்காது. சூடெல்லாம் கொல்லைக் காற்றோடு போய்விடும்.

“போர்வை எப்பப் போட்டா என்ன? இன்னிக்கே போட்டுடலாம்கறேன்.” இது பிரிட்ஜ்காரர்.

“கலவைல இருக்கற தண்ணி போகணும்ப்பா. சின்னச் சின்ன நெருப்பா, தெனம் கொஞ்சம் கூட்டிப் போட்டா மெதுவா ஆவியாயிடும். தண்ணியோட வெச்சுப் போத்திட்டு ஒரேடியா பெரிய நெருப்பு வெச்சா, ஆவி போக வழியில்லாம வெடிக்கும். எங்க பீட்சாக் கடையில ஒண்ணு அப்படித்தான் போச்சு. எத்தன தடவ சொல்றது?”

சமையலறை ஜன்னலிலிருந்து பெரியக்காவின் தலை வெளியே வந்தது. பிரிட்ஜ்காரரின் அக்கா. தெருவுக்கே அவள் பெரியக்காதான். “டேய், அவ ஆறு வருஷமா அடுப்புல வேகறா. நீ முப்பது வருஷமா ஐஸ் பெட்டிக்குள்ள தலைய விட்டுட்டுக் கெடக்கறே. உனக்கு நெருப்பப் பத்தி என்னடா தெரியும்?”

அவர் வாயை மூடிக்கொண்டார். அக்கா பேசினால் அவர் மூடிக்கொள்வது சின்ன வயதுப் பழக்கம்.

அவருடைய தொழிலில் சூடு என்பது திருடன் மாதிரி. எந்த இடுக்கில் புகுந்தது, எந்தக் கதவு ரப்பர் தளர்ந்தது என்று தேடிப் பிடித்து வெளியே துரத்தித்தான் வீட்டைக் கட்டினார், பெண்ணைப் படிக்க வைத்தார். கம்ப்ரஸர் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். மீட்டர் எல்லாம் பிறகுதான். அந்தக் கை ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்று தெருவே சொல்லும். பாவம், அவரும் அதை நம்பியிருந்தார்.

மனைவி மஞ்சள்காமாலையில் போனபோது மகளுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அவள் பெயரையே விட்டுவிட்டுப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தவர், இருபத்தைந்து வயதிலும் பாப்பாவை விடவில்லை. ஆறு வருஷம் பீட்சாக் கடையில் நின்று கை பழகிய பாப்பாவுக்கு, கடல் தாண்டி ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து வேலைக் கடிதம் வந்திருந்தது. இன்னும் இரண்டு வாரத்தில், திங்கட்கிழமைக்குள், வருகிறேன் அல்லது வரவில்லை என்று ஒரு பதில் எழுத வேண்டும்.

“எனக்குப் போகணும்னு ஆசை ஒண்ணும் இல்லப்பா. ஆனா இன்னொருத்தர் கடையிலயே கெடந்து கெழவி ஆகவும் முடியாது. நம்ம அடுப்பு ரெடியாகட்டும். அந்தத் திங்களுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை தெருவுல இருபது பேரக் கூப்பிட்டுப் போட்டுப் பாக்கறேன். ரெண்டு மணி நேரம் சூடு விடாம நின்னா, இங்கயே வாசல்ல கடை. நிக்கலைன்னா கெளம்பிடறேன்.”

இதை அவள் மோர் குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அவருக்கு அன்றிலிருந்து ராத்தூக்கம் பாதியாகிவிட்டது.

சண்டைக்குக் காரணம் இதுதான். கடை நிர்வாகம் திடீரென்று, பக்கத்து ஊர்க் கிளையில் ஆள் இல்லை, ஐந்து நாள் போய் நின்றுவிட்டு வா என்று அவளை அனுப்பியது. ஐந்து நெருப்பு அவள் போட்டாயிற்று. மீதி ஐந்தை அப்பாதான் போட வேண்டும்.

கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். “சரி தாயே. போடறேன். போதுமா?”

“ஒரு நாளும் விடக் கூடாது.”

“விட மாட்டேன்.”

பாப்பா ஊருக்குப் போகுமுன் சுள்ளியையும் விறகையும் ஐந்து கட்டாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் நீல நூலில் ஒரு சீட்டு தொங்கவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்திவிட்டுப் போனாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிவைப்பது போல இருந்தது என்று தையல்கார அம்மா சொன்னாள். மாடியிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்.

முதல் நாள் அவர் சீட்டில் எழுதியிருந்தபடியே செய்தார். ஒரு மணி நேரம், பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குச்சியாக. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மழை கொட்டியது. அடுப்பு மேல் தார்ப்பாயைக் கட்டிவிட்டு, விடட்டும் என்று பார்த்தார். அது விட்டபாடில்லை. நான்காம் நாள் விடிவதற்குள் ஐஸ்கிரீம் குடோனிலிருந்து ஆள் வந்துவிட்டான். குளிரறை நின்றுவிட்டது, சரக்கெல்லாம் உருகுகிறது, உடனே வா. முப்பது வருஷத்தில் வர முடியாது என்று ஒருத்தருக்கும் சொல்லாத மனிதர். போனார். திரும்பும்போது இருட்டிவிட்டது. ஐந்தாம் நாளும் அதே குடோன், அதே கம்ப்ரஸர். தார்ப்பாய் மூடியே இருந்ததால், உள்ளே நெருப்பு இருந்ததா என்று ஜன்னலுக்கும் தெரியவில்லை, மாடிக்கும் தெரியவில்லை.

மாலை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து தார்ப்பாயை விலக்கினார். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அடுப்பின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடினார். வெதுவெதுவென்று, சொரசொரவென்று, காய்ந்த கல். ஈரம் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை.

உள்ளேயிருக்கிற ஈரம் அவர் தொழிலில் கிடையாது. பிரிட்ஜுக்கு ஈரம் எப்போதும் வெளியிலிருந்துதான் வரும்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் நினைக்காமல் இல்லை. ஆனால் விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாளை சனிக்கிழமை பாப்பா வருகிறாள். சனி, ஞாயிறு போர்வை, பூச்சு. பூச்சு காய ஒரு வாரம். அடுத்த ஞாயிறு இருபது பேர். அதற்கடுத்த நாள் திங்கள், கடிதம். இதில் மூன்று நெருப்பு பாக்கி என்று சொன்னால், எல்லாம் மூன்று நாள் தள்ளும். ஞாயிறு போய்விடும். அடுப்பைப் பார்க்காமலே அவள் பதில் எழுதுவாள். அந்தப் பதில் என்னவென்று அவருக்குத் தெரியாதா?

மீதி மூன்று கட்டையும் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். அங்கே உயிர் போன பிரிட்ஜுகள் ஏழெட்டு நின்றன. கடைசியில் இருந்த பச்சை நிறப் பெட்டியைத் திறந்து, மூன்றையும் உள்ளே நிறுத்தி, கதவைச் சாத்தினார். அவர் மாற்றிய ரப்பர், பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை பாப்பா பையைக்கூட இறக்காமல் கொல்லைக்கு ஓடினாள்.

“போட்டீங்களாப்பா?”

“போட்டேன்.”

“அஞ்சு நாளும்?”

“அஞ்சு நாளும்.”

“மழ பேஞ்சுதே?”

“தார்ப்பாயக் கட்டிட்டுப் போட்டேன்.”

அவள் சுவரோரம் பார்த்தாள். ஒரு கட்டும் இல்லை. அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “என் தங்கமே” என்றாள். பெண் அப்பாவைத் தங்கமே என்று கொஞ்சுகிற வீடு அது. பெரியக்கா ஜன்னலிலிருந்து, “கொஞ்சுனது போதும், கையக் கழுவிட்டு வாங்க” என்றாள்.

இரண்டு பேரும் வாயில் துணி கட்டிக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு கம்பளியை விரித்தார்கள். அரிக்கும் என்பதற்காக. குழந்தைக்குப் போர்த்துவது போல மடித்து, நறுக்கி, இடுக்கு விடாமல் இரண்டு சுற்று. அதன் மேல் அவர் தம் கைவரிசையைக் காட்டினார். அலுமினியத் தாளைச் சுற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளி டேப்பை இழுத்து ஒட்டினார். ஒரு ஊசி புகாது.

“உச்சியில ஒரு ஓட்டை விடணும்ப்பா,” என்றாள் பாப்பா. “மிச்ச ஆவி இருந்தா போறதுக்கு.”

முப்பது வருஷமாக ஓட்டைகளை அடைத்த மனிதரிடம் ஓட்டை விடு என்றால்? “என்ன மிச்சம்? பத்து நாள் போட்டிருக்குல்ல? அந்த ஓட்டை வழியா சூடுதான் போகும்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “பத்து நாள் போட்டதுதானே. சரி, அடைங்க.”

அவர் கை ஒரு நொடி நின்றது. பிறகு அடைத்தது.

பூச்சு காய்ந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்க அந்தக் கொல்லையில். கண்டக்டர் காலையிலேயே வந்து, இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார். “என்னம்மா, இந்த வண்டி எத்தன மணிக்குக் கெளம்பும்?” என்று பத்து தடவை கேட்டார். தையல்கார அம்மா தன் மகளைக் கூட்டிவந்திருந்தாள். அந்தப் பெண் கண்டக்டரின் பிள்ளையைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது தனிக் கதை.

பாப்பா முதன்முதலாகப் பெரிய நெருப்பு வைத்தாள். சுவாலை உள்கூரையில் ஏறி, நாக்கை நீட்டி வாசல் வரை வந்து திரும்பியது. ஒரு மணி நேரத்தில் புகைக்கரி எரிந்து உள்சுவர் வெளுத்தது. தணலை ஓரமாகத் தள்ளி, முதல் பீட்சாவை நீளக் கரண்டியால் உள்ளே விட்டாள். ஒன்றரை நிமிஷம். விளிம்பு உப்பி, அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, பாலாடைக்கட்டி குமிழியிட்டபடி வெளியே வந்தது. கூட்டம் ஓவென்றது. இரண்டாவது. மூன்றாவது. பிரிட்ஜ்காரர் அடுப்பின் முதுகில் கை வைத்துப் பார்த்தார். மேலே ஜில்லென்று இருந்தது. அவ்வளவு சூடும் உள்ளேதான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தியாக்கா?” என்றார். பெரியக்காவே தலையாட்டினாள்.

ஏழாவது பீட்சா உள்ளே இருக்கும்போது, அடுப்புக்குள் யாரோ தொண்டையைச் செருமியது போல ஒரு சத்தம். பிறகு சீறல். உச்சியில் பூச்சு கோடு விட்டு, அந்தக் கோட்டிலிருந்து வெள்ளை ஆவி பீறிட்டது.

“எல்லாரும் தள்ளுங்க!” என்று பாப்பா கத்தினாள்.

பட்டென்று வெடித்தது. சிமெண்ட் சில்லு மதிலில் போய் அடித்தது. உள்ளே ஒரு செங்கல், அதன் பின்னாலேயே இன்னும் மூன்று, தணலிலும் பீட்சாவிலுமாக விழுந்தன. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கண்டக்டரின் சட்டையில் மட்டும் சாம்பல்.

பாப்பா கரண்டியைச் சுவரில் சாய்த்தாள். குனிந்து, வெளியே தெறித்த கலவைச் சில்லு ஒன்றை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். உதிர்ந்தது.

“கலவை என்னோடது,” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. “பத்து நாள் நெருப்பு போட்டும் வெடிச்சிருக்குன்னா, மணல் கூடிப்போச்சு. அன்னிக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு. என் தப்புதான்.”

பிரிட்ஜ்காரர் வாயைத் திறந்தார். அதைத் தெருவே பார்த்தது. திறந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. சபையில் ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை என்று அன்றைக்கு எல்லாரும் நினைத்தார்கள்.

மறுநாள் காலை அவள் மேஜையில் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தபோது, அவர் கதவருகே வந்து நின்றார். ராத்திரி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் தொண்டை வரை வந்திருந்தன.

“பாப்பா. அந்த நெருப்பு இருக்கே...”

“விடுங்கப்பா.” அவள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க ஒங்க வேலைய ஒழுங்காத்தானே பண்ணீங்க? மழையிலயும் உக்காந்து அஞ்சு நாள் போட்டுக் குடுத்தீங்க. எந்த அப்பா செய்வாரு? நான்தான் கோட்டை விட்டேன். எனக்குச் சொந்தமா பண்ற அளவுக்குக் கை இன்னும் வரலை. அங்க போய்க் கத்துக்கறேன்.”

அதற்கு மேல் அவர் எப்படிச் சொல்வார்? உலகத்தில் ஒருத்தி தன்னை நல்லவன் என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கையை உதற எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கும்? “காப்பி போடட்டுமா?” என்று கேட்டார். அவள் தலையாட்டிவிட்டு, வருகிறேன் என்று எழுதினாள்.

ஒரு மாசத்தில் போய்விட்டாள்.

அவள் போன இரண்டாம் வாரம், பழைய இரும்பு வாங்குகிறவன் வந்தான். ஷெட்டை ஒழிக்கலாம் என்று பெரியக்கா ஒவ்வொரு பிரிட்ஜாகத் திறந்து பார்த்துக் கொண்டே வந்தாள். பச்சைப் பெட்டியைத் திறந்ததும் மூன்று கட்டும் அவள் காலடியில் சரிந்தன. நீல நூலில் சீட்டுகள். பெரியக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

மூணாம் நாள். ஒண்ணரை மணி நேரம். நெருப்ப மெதுவா கூட்டணும்.

நாலாம் நாள். ரெண்டு மணி நேரம். சாப்பிட்டுட்டு உக்காருங்க.

அஞ்சாம் நாள். மூணு மணி நேரம். இன்னிக்கோட முடிஞ்சுதுப்பா. நாளைக்கு வந்துடுவேன்.

இரும்புக்காரனை அனுப்பிவிட்டு, மூன்று கட்டையும் கொண்டுவந்து தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜை மேல் வைத்தாள். அவர் தட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

“அப்போ அவ கலவையில ஒண்ணுமில்ல.”

“இல்லக்கா.”

“மழை பேஞ்சுது, வேலை வந்துது, போடலைன்னு சொன்னா என்னடா? உன்னத் தூக்குலயா போட்டிருப்பா?”

“நாள் தள்ளிப்போகும்னு...”

“எத்தன நாள்?”

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்துத் திரும்ப வைத்தார்.

“மூணு நாளுடா,” என்றாள் பெரியக்கா. “அந்தக் கடுதாசிக்காரன்கிட்ட ஒரு வாரம் டைம் குடுன்னு கேட்டா குடுத்திருக்க மாட்டானா? வெடிச்சப்புறமாவது சொன்னியா? சொல்லியிருந்தா உன்ன நாலு வார்த்தை திட்டிட்டு, திரும்பக் கட்டியிருப்பாடா. போயிருக்கவே மாட்டா.”

தட்டில் சோறு காய்ந்தது.

பெரியக்கா இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள். அன்று சாயங்காலம் மதிலோரம் தையல்கார அம்மாவிடம் மட்டும், சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள். தையல்கார அம்மாவும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னாள். விளக்கு வைப்பதற்குள் கண்டக்டரின் மந்தக் காது வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதன் பிறகு பிரிட்ஜ்காரர் அடுப்பைப் பிரித்தார். டேப்பைக் கிழித்து, தாளை உரித்து, கம்பளியை எடுத்து வெயிலில் போட்டார். விழுந்த கற்களை எடுத்து, பாப்பா எழுதிவைத்திருந்த அதே அளவில், ஒரு பிடி மணல் கூட்டாமல் குறைக்காமல் கலவை குழைத்துப் பதித்தார். வேலைக்குக் கூப்பிட வந்தவர்களிடம் வாழ்க்கையில் முதல் தடவையாக, இந்த வாரம் வர முடியாது என்றார். தினம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஏழு நாள் வேறு விறகில் சின்ன நெருப்பு. எட்டாம் நாளுக்கு மூணாம் நாள் கட்டு. ஒன்பதாம் நாளுக்கு நாலாம் நாள் கட்டு, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து. பத்தாம் நாள் கடைசிக் கட்டை எரித்தார். சீட்டுகளை எரிக்கவில்லை. போர்வையை மறுபடி போர்த்தினார், உச்சியில் ஓட்டை விட்டு.

அந்த அடுப்பு வெடிக்கவில்லை. சாயங்காலம் தணலை வாரிவிட்டால், மறுநாள் காலையிலும் உள்ளே கையை விட முடியாத சூடு. தெருவில் யார் கேட்டாலும் ரொட்டி சுட்டுக்கொள்ள விட்டார். அவர் மட்டும் அதில் செய்த எதையும் வாயில் வைத்து ஒருத்தரும் பார்த்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பாப்பாவுக்குக் கல்யாணம். அங்கேயே, கூட வேலை பார்க்கிற பையன். நல்ல பையன், சிரிக்கும்போது கண் மறைந்துவிடும். அவர்களால் வர முடியவில்லை, இவரால் போக முடியவில்லை. கூடத்தில் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்து, தெருவே சுற்றி உட்கார்ந்து திரையில் பார்த்தது. எல்லாம் முடிந்ததும் பாப்பா ஒவ்வொருவராக விசாரித்தாள். கண்டக்டர் மாமா, காது எப்படி இருக்கு? அக்கா, ரவிக்கை தைச்சு அனுப்புங்க. அப்புறம் கேட்டாள்.

“அப்பா, அந்த அடுப்ப இடிச்சாச்சா?”

“இல்ல. இருக்கு. சரி பண்ணிட்டேன்.”

“மணல் கம்மியா போட்டீங்களா? நான் பண்ண தப்பப் பண்ணிடாதீங்க.”

கூடத்தில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். பதினெட்டுப் பேருக்கும் தெரியும். எதையும் வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாத தையல்கார அம்மாகூட டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பெரியக்கா தம்பியைப் பார்த்தாள்.

“கம்மியாத்தாம்மா போட்டேன்,” என்றார் அவர்.

அடுத்த வருஷம் பெரியக்கா தன் மகனோடு போய்விட்டாள். முட்டி வலி, மாடிப்படி இல்லாத வீடு என்று காரணம் சொன்னாள். தையல்கார அம்மாவின் மகளைக் கண்டக்டர் வீட்டுப் பிள்ளைக்கே கொடுத்தார்கள். எதிர்எதிர் வீடு என்பதால் அந்தப் பெண் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வருவதும் திரும்பிப் போவதும் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. கண்டக்டர் இப்போது காதில் மிஷின் வைத்திருக்கிறார். ஆனால் கேட்பதற்குத் தெருவில் பெரிதாக ஒன்றும் இல்லை.

பாப்பாவுக்கு ஒரு பெண் குழந்தை. அதே ஹோட்டலில்தான் இருக்கிறாள், நல்ல பெயர். குளிர் பக்கத்துக்கு அவள்தான் பொறுப்பாம். காய்கறி, பழம், ஐஸ்கிரீம் என்று அடுப்பு ஏறாததெல்லாம். பெரிய விறகடுப்பு ஒன்று இருக்கிறது, பார்த்துக்கொள்கிறாயா என்று முதல் வருஷமே கேட்டார்களாம். எனக்கு அது வராது, ஊரில் ஒன்று கட்டிப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டாளாம்.